ஆட்டின் எடை எங்கே எழுதியிருக்கிறது?



கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் பதினான்கு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். கையில் உள்ள சேமிப்பைக் கொண்டு ஆட்டுப் பண்ணை வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அண்மையில் ஒரு விற்பனையாளர் இரண்டு போயர்க் கலப்புக் கிடாய்க் குட்டிகளைக் காட்டி, "இவை மரபணுச் சோதனை செய்யப்பட்டவை, வேகமாக எடை கூடும் மரபணு இவற்றின் இரத்தத்திலேயே இருக்கிறது" என்று கூறி, முத்திரை குத்திய காகிதம் ஒன்றையும் நீட்டியிருக்கிறார். ஒரு குட்டிக்கு அவர் கேட்கும் விலையில் நல்ல கறவைப் பசு ஒன்றை வாங்கிவிடலாம். "வாங்கலாமா? அந்தக் காகிதத்தில் இருப்பது உண்மைதானா?" என்று கேட்கும் சகோதரி, கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இந்தப் பணம் போய்விட்டால் அவர் மறுபடியும் பாஸ்போர்ட்டைத் தேட வேண்டியதுதான்."

அந்த ஒரு வரிக்காகவே இம்மாதப் பக்கத்தை இதற்கு ஒதுக்குகிறேன். இரண்டு சொல்லில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அந்தக் காகிதம் எதைச் சொல்லக்கூடும், எதைச் சொல்ல முடியாது என்பதை அறிந்துகொண்டால், நாளை வேறொருவர் வேறொரு காகிதத்தை நீட்டும்போதும் அந்த அறிவு கைகொடுக்கும்.

பிராணியின் உடம்பில் ஓர் அடையாளத்தைத் தேடிப் பிடித்து அதன் எதிர்காலத்தைச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதியதன்று. மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடும் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால், வாங்குபவர் மாட்டைச் சுற்றி வந்து சுழி பார்ப்பார். ராஜசுழி என்றால் விலை ஏறும். பாடைச்சுழி என்றால் பாதி விலைக்கும் ஆள் இராது. சகுனத்தில் நம்பிக்கை வைக்கலாகாது என்று நன்கு அறிந்த நம்மவர்களும் சந்தைக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். சுழி சரியில்லை என்று எவ்வளவு நல்ல காளைகள் விலைபோகாமல் திரும்பியிருக்கும்! முதுகில் முடி எந்தப் பக்கம் சுழித்துக்கொண்டால் என்ன, அதனால் ஓர் உழக்குப் பால் கூடவோ ஒரு கிலோ எடை குறையவோ போவதில்லை.

மரபணுக் குறி என்பதும் ஓர் அடையாளந்தான். முடியில் இல்லாமல் உயிரணுவுக்குள் இருக்கிறது. ஆட்டின் ஒவ்வோர் உயிரணுவிலும் 300 கோடியை நெருங்கும் எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட ஏடு சுருட்டி வைக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதிலுள்ள எழுத்துகள் நான்கே வகை. ஓர் ஆட்டுக்கும் மற்றோர் ஆட்டுக்கும் ஏடு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆங்காங்கே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். மாறிய அந்த எழுத்தைக் கொண்ட குட்டிகள் மற்றக் குட்டிகளைவிட அதிக எடை நிற்கின்றன என்று பல குட்டிகளை நிறுத்துப் பார்த்துக் கண்டறிந்தால், அந்த எழுத்தை வளர்ச்சியோடு தொடர்புள்ள குறி என்கிறார்கள். சில சமயம் அந்த எழுத்தே காரணமாக இருக்கும். பல சமயம் காரணம் பக்கத்தில் எங்கோ இருக்க, இது அதன் வாசலில் நிற்கும் காவற்காரன் போல நிற்கும்.

சுழிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தராசுதான். சுழி பார்த்தவர் எவரும் தராசில் வைத்துச் சரிபார்க்கவில்லை. குறி பார்ப்பவர் சரிபார்த்தாக வேண்டும். எந்தக் குட்டிகளை நிறுத்தார்கள், எங்கே நிறுத்தார்கள், எத்தனை குட்டிகளை நிறுத்தார்கள் என்ற மூன்றும் சொல்லப்படாத மரபணுக் குறி, இன்னொரு சுழிதான். ஆய்வுக்கூடத்து முத்திரை இருப்பதால் அதன் தன்மை மாறிவிடாது.

ஒரே ஓர் எழுத்து பெரிய மாற்றத்தை உண்டாக்கியதே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பெல்ஜியத்தில் நீல நிறம் கலந்த ஒரு மாட்டினம் இருக்கிறது. தொடையும் பிட்டமும் கல்லில் செதுக்கியவை போல உருண்டு திரண்டிருக்கும். தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் 'மயோஸ்டாட்டின்' என்னும் மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டுப் போனதே இதற்குக் காரணம் என்று 1997-ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். வண்டியில் தடை கழன்றுபோனது போன்ற நிலை. இறைச்சிக் கடைக்காரருக்குக் கொண்டாட்டந்தான். ஆனால் அந்தப் பசுக்களில் மிகப் பெரும்பாலானவை இயல்பாகக் கன்று ஈனுவதில்லை. வயிற்றைக் கிழித்தே கன்றை எடுக்கிறார்கள், அதுவும் ஒவ்வோர் ஈற்றுக்கும். இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அவ்வளவு மருத்துவச் செலவைத் தாங்கும் நாட்டில்தான் அந்த எழுத்து இலாபம் தரும். நம் ஊரில் கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் தாயும் போய்விடும், கன்றும் போய்விடும்.

இது போன்றவை விதிவிலக்குகள். சாதாரண வளர்ச்சி இப்படி ஒரே இடத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. 2018-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பல நாட்டு அறிவியலாளர்கள் சேர்ந்து 17 மாட்டுக் கூட்டங்களைச் சார்ந்த 58,265 மாடுகளின் உயரத்தையும் அவற்றின் மரபணு ஏட்டையும் ஒப்பிட்டார்கள். உயரத்தோடு தொடர்புடைய இடங்கள் 163 கிடைத்தன. அந்த 163-ஐயும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தாலும், மாட்டுக்கு மாடு காணும் உயர வேறுபாட்டில் அதிகமாகப் போனால் 13.8 விழுக்காட்டைத்தான் விளக்க முடிந்தது. எடையும் இதே போன்றதுதான். ஒரே பண்ணையில் ஒரே தீனி தின்று வளரும் கன்றுகளுக்கிடையே தோன்றும் எடை வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பெற்றோர் வழி வருவது. மிச்சமெல்லாம் தாயின் பாலும், மேய்ச்சலும், குடற்புழுவும், மழையும் வெயிலும் எழுதுவது. அந்த மூன்றில் ஒரு பங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே, "எடை கூடும் மரபணு இருக்கிறது" என்று ஒருவர் ஒருமையில் சொன்னாலே நாம் ஒரு கணம் நிதானிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஓர் இனத்தில் உண்மையாக இருக்கும் குறி வேறோர் இனத்தில் பொருளற்றுப் போகலாம். இதற்கு நம் பழைய சென்னை மாகாணத்து மாடே சாட்சி. நெல்லூர், ஓங்கோல் சீமை மாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறி பிரேசில் நாட்டுக்குப் போயின. 1960-களின் தொடக்கத்தில் மேலும் பல காளைகளையும் பசுக்களையும் கொண்டுபோனார்கள். அப்படிப் போன ஒரு காளைக்கு ஆந்திரத்துக் கிராமம் ஒன்றின் பெயரே நிலைத்துவிட்டது; கர்வாடி என்ற அந்தக் காளையின் வழித்தோன்றல்கள் அந்நாடெங்கும் பரவியிருக்கின்றன. இங்கே ஏர் உழுத மாடு அங்கே இறைச்சி மாடாயிற்று. 'நெலோரே' என்று நம் நெல்லூரின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். இன்று பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பாலானவை நெலோரே அல்லது அதன் கலப்புதான். ஊரை விட்டுப் போன பிள்ளை அயல்நாட்டில் பெரிய முதலாளி ஆகிவிட்ட கதை.

அந்த மாட்டின் இறைச்சி சற்றுக் கடினமானது என்பது ஒரு குறை. திமில் உள்ள நம் மாட்டினங்களுக்கே உரிய குறை அது. ஐரோப்பிய மாடுகளில் இறைச்சியின் மென்மையோடு தொடர்புள்ள ஓர் எழுத்தை 2002-இல் கண்டுபிடித்தார்கள். சோதனையும் விற்பனைக்கு வந்தது. ஆனால் திமில் மாடுகளில் அந்த நல்ல எழுத்து மிக மிக அரிது. ஏறத்தாழ எல்லா மாட்டுக்கும் ஒரே விடை வருமானால், நல்லதைப் பிரித்து எடுப்பது எப்படி? 2005-இல் அதே மரபணுவில் இரண்டு வகை மாடுகளுக்கும் பொருந்தக்கூடிய வேறோர் எழுத்தைக் கண்டுபிடித்த பிறகே அச்சோதனை அவற்றுக்குப் பயன்பட்டது. ஒரே மரபணு, ஒரே சோதனை முறை. ஆனாலும் ஐரோப்பிய மாட்டுக்கு எழுதிய சான்றிதழ் நெல்லூர் மாட்டுக்குச் செல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் உருவான போயர் ஆட்டில் உண்மை என்று கண்டது, நம் வெள்ளாட்டோடு கலந்த குட்டியிலும் அப்படியே உண்மையாக இருக்கும் என்று எவராலும் நிறுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

நம் நாட்டில் இறைச்சிக்கென்றே உருவாக்கப்பட்ட மாட்டினம் கிடையாது. புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் மாடுகளும் உழவுக்கும் பாலுக்கும் இருந்து ஓய்ந்தவைதாம். ஆகவே இந்தக் குறிகளைக் கொண்டு இறைச்சிக்கான ஒரு மந்தையை மேம்படுத்திய நல்ல உதாரணம் ஒன்றைத் தேடினால், செம்மறியிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அது மகாராஷ்டிர மாநிலம் சதாரா மாவட்டத்துப் பல்டன் என்னும் ஊரில் இருக்கிறது. சகோதரியே, உங்கள் கணவரிடம் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

பல்டனில் 1968-இல் தொடங்கப்பட்ட நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சந்தா நிம்ப்கர் என்னும் அம்மையாரின் தலைமையில் கால்நடைப் பிரிவு இயங்குகிறது. அந்தப் பக்கத்து இடையர்கள் வளர்ப்பது தக்காணிச் செம்மறி. வறட்சி தாங்கும், நெடுந்தூரம் நடக்கும். ஆனால் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் ஈனும். கம்பளி விலை இறங்கிப்போன காலத்தில் இடையருக்கு வருமானம் குட்டி விற்பதில் மட்டுமே என்றாகிவிட்டது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்றொரு செம்மறி உண்டு. இரண்டும் மூன்றுமாகக் குட்டி போடும். ஆனால் உருவத்தில் மிகச் சிறியது. அதைக் கொண்டுவந்து தக்காணியோடு சேர்த்தால் குட்டிகள் பெருகும், எடை சுருங்கும். ஒன்றைப் பெற இன்னொன்றை இழக்க வேண்டும்.

இங்கேதான் குறி கைகொடுத்தது. கரோலின் அந்தப் பெருக்கத்துக்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து மாற்றம் என்பது தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற பூரூலா என்னும் செம்மறியில் உள்ளதும் அதே எழுத்துதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திலிருந்து கப்பலேறிப் போன ஆடுகளின் வழியாகவே அது அங்கே சென்றது என்று கருதுகிறார்கள். பிறகு பல்டனில் செய்த வேலை இது. கலப்புக் குட்டிகளின் இரத்தத்தைப் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் துணையோடு சோதித்தார்கள். அந்த எழுத்து இருக்கும் குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை மீண்டும் பெரிய உடல் கொண்ட உள்ளூர் இனத்தோடு சேர்த்தார்கள். அதில் பிறந்ததையும் சோதித்து, மீண்டும் சேர்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை கரோலின் சிற்றுடல் கரைந்துபோக, அந்த ஓர் எழுத்து மட்டும் தங்கியது. இரத்தச் சோதனை இல்லாவிட்டால், ஓர் ஆண் குட்டி அந்த எழுத்தைச் சுமக்கிறதா என்று அறிய, அதன் மகள்கள் வளர்ந்து குட்டி போடும்வரை காத்திருக்க வேண்டும். கிடாய் குட்டி போடுவதில்லையே!

அத்தோடு நிறுத்தியிருந்தால் அதுவும் ஓர் ஆய்வுக்கட்டுரையாகவே முடிந்திருக்கும். அவர்கள் அந்த ஆடுகளை இடையர்களின் மந்தைக்குள் அனுப்பினார்கள். வெயிலிலும் தூசியிலும், இடையரின் மனைவி ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பால் புட்டியையும் வைத்திருக்கும் நிலையில், இரட்டைக் குட்டிகள் பிழைக்கின்றனவா என்று பல ஆண்டுகள் எண்ணினார்கள், நிறுத்தார்கள். இரட்டைக் குட்டி ஒற்றைக் குட்டியைவிட எடை குறைவாகவே பிறக்கும். தாய்க்குத் தீனி கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். அந்தச் செலவைக் கழித்த பிறகும் இடையருக்கு மிஞ்சுகிறதா என்றும் கணக்குப் பார்த்தார்கள். மிஞ்சியது. 1990-களில் தொடங்கிய வேலை உறுதியான பலன் காட்ட ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன.

இத்தனைக்கும் அது ஒரே எழுத்தால் ஆகும் காரியம். நூற்றுக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கும் எடைக்கு என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. பல்லாயிரம் குறிகளை ஒரே சில்லில் வைத்து ஒருசேரப் படித்து, எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போடும் முறையை 2001-இல் மூன்று அறிவியலாளர்கள் முன்வைத்தார்கள். 2009-இல் மாட்டின் முழு ஏடும் வெளியாயிற்று. இன்று மேலைநாட்டுக் காளைகளை அவ்வாறே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டிலும் ஐதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் 11,496 குறிகள் கொண்ட 'இண்டிகௌ' என்ற சில்லை நாட்டு மாடுகளுக்காக 2021-இல் உருவாக்கியது. 2024 அக்டோபரில் மாட்டுக்கும் எருமைக்கும் தனித்தனியே புதிய சில்லுகள் வெளியிடப்பட்டன. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் சில்லு தானாக ஒன்றும் சொல்லாது. எடை எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பிராணிகளின் ஏட்டோடு ஒப்பிட்டால்தான் அது பேசும். நம் நாட்டுக் குறை சில்லில் இல்லை, நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. பிறந்த அன்று எத்தனை கிலோ, மூன்றாம் மாதம் எத்தனை, ஆறாம் மாதம் எத்தனை என்று நம்மில் யார் எழுதி வைத்திருக்கிறோம்? மகளின் பிறந்த எடையையே மருத்துவமனைச் சீட்டைத் தேடித்தான் சொல்கிறோம்.

நம் பக்கத்து ஆடுகளுக்கு வருவோம். நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர்ச் சீமையின் கரிசல் காட்டில் கன்னி ஆடு என்றொரு வெள்ளாடு இருக்கிறது. கரிய உடம்பு, முகத்தின் இருபுறமும் கோடு இழுத்தது போல வெண்மை. அதைப் பால்கன்னி என்பார்கள். வெண்மைக்குப் பதில் செம்மை இருந்தால் செங்கன்னி. இரட்டைக் குட்டி அதற்குச் சர்வ சாதாரணம். உயரத்திலும் குறைந்ததன்று. செம்மறியில் நம் பக்கத்துக்கே உரிய செவ்வாடு இருக்கிறது. இவற்றையெல்லாம் தனி இனங்களாக அரசு பதிவுசெய்திருக்கிறது. இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடையநல்லூரிலிருந்து காலையில் புறப்பட்டால் போய் விசாரித்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். விற்பனையாளரின் காகிதத்தை அங்கே ஒருவரிடம் காட்டிப் பொருள் கேட்பதற்குச் செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.

ஊரின் காற்றும் ஒரு கணக்கு. 2019-இல் தனி மாவட்டமான நம் தென்காசி, பரப்பில் சிறிதென்றாலும் வானிலையில் ஒன்றல்ல. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வந்து குற்றாலத்தில் சாரல் விழும்போது, சங்கரன்கோவில் பக்கம் புழுதிதான் பறக்கும். அருவியில் குளித்துவிட்டுப் பிரானூர்ப் பக்கம் பரோட்டா உண்டு மகிழும் நமக்குச் சாரல் இன்பம். ஆட்டுக்கு அது பிடிக்காது. மேலகரத்தில் இருந்த என் சாச்சா ஒருமுறை கரிசல் காட்டிலிருந்து பத்துப் பெட்டைகளை ஓட்டிவந்தார். பங்குனி, சித்திரையில் கொழுகொழுவென்று நின்றவை. சாரல் தொடங்கி ஒரு மாதத்தில் குளம்பு அழுகி, மூக்கு ஒழுகி, நான்கு செத்துப்போயின. ஆட்டின் மீதும் குற்றமில்லை, விற்றவர் மீதும் குற்றமில்லை. அடுத்த ஆண்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சட்டம் அடித்துப் பரண் போட்டார். மிச்சம் இருந்த ஆறும் தப்பின. அதே ஆடு, அதே இரத்தம். மரபணு ஏடு மாறவில்லை, பரணை மாற்றினார்.

இனி, நம் வீடுகளுக்கு மட்டுமே உரிய ஒரு செய்தி. விற்பனையாளர் இதைச் சொல்லியிருக்கமாட்டார். நம் ஊரில் கிடாய்க்கு நல்ல விலை கிடைப்பது ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டித்தான். குர்பானிக்கு எடை மட்டும் போதாது, வயது வேண்டும். வெள்ளாட்டுக்கு ஹனஃபி மத்ஹபில் ஓராண்டு நிறைய வேண்டும்; ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டாண்டு. எட்டு மாதத்தில் முப்பது கிலோ எடை நின்றாலும், வேகமாக வளரும் மரபணு அதன் வயதைக் கூட்டித் தராது. செம்மறியில் மட்டும், ஆறு மாதம் கடந்த குட்டி ஓராண்டுக் குட்டியைப் போல வளர்ந்து தெரிந்தால் கூடும் என்று ஹனஃபிச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சலுகை வெள்ளாட்டுக்கு இல்லை. (உங்கள் ஊர் ஆலிமிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆகவே, சீக்கிரம் எடை கூடுவதற்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை, வாரந்தோறும் கறிக்கடைக்கு அனுப்பும் பண்ணைக்குப் பயன்படலாம். பெருநாள் விற்பனையை நம்பும் பண்ணைக்கு, பெரிய உடம்புக்குத் தீனி போட்டுக்கொண்டே பல் விழக் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

சகோதரியே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காகிதத்தை வாங்கி நிதானமாகப் பாருங்கள். அதில் எந்த மரபணு, எந்த எழுத்து என்று எழுதியிருக்கிறதா? சோதனை செய்தது இந்தக் குட்டியின் இரத்தத்தையா, இதன் தந்தையின் இரத்தத்தையா? தந்தையிடம் அந்த எழுத்து ஒற்றைப்படையில் இருந்தால் குட்டிகளில் பாதிக்குத்தான் அது வரும். உங்களுக்குக் கிடைப்பது எந்தப் பாதி? பல சமயம் இத்தகைய காகிதம் இனத்தூய்மையையோ பெற்றோர் இன்னார் என்பதையோ மட்டும் சொல்வதாக இருக்கும். அது பொய்யன்று, ஆனால் எடையைப் பற்றிய உறுதிமொழியும் அன்று. கடைசியாக, இக்குட்டியின் தாய், உடன்பிறந்த குட்டிகள் ஆகியவற்றின் எடையை மாத வாரியாக எழுதிய நோட்டைக் கேளுங்கள். நோட்டு இருந்தால் காகிதமே தேவையில்லை. நோட்டு இல்லையென்றால், காகிதம் இருந்தும் அவ்விலைக்கு வாங்காதீர்கள்.

சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் இறக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் என் சார்பில் சொல்லுங்கள். முதலாண்டு உங்கள் ஊர்ப் பக்கமே பிறந்து வளர்ந்த பெட்டை ஆடுகள் பத்தும், இரட்டையாகப் பிறந்து நன்றாக வளர்ந்த ஒரு கிடாயும் போதும். பரணுக்கும் தடுப்பூசிக்கும் முதலில் பணத்தை ஒதுக்குங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் கால்நடை மருந்தகத்தில் ஊசி போடுவார்கள். கொக்கியில் மாட்டும் தொங்கு தராசு ஒன்றும், நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்குங்கள். பிறந்த அன்று, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து, தாயின் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். இந்த வேலை பெண்களுக்குத்தான் நன்றாக வரும். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுதிப் பழகிய கை. இரண்டாண்டு எழுதினால் உங்கள் பத்துப் பெட்டைகளில் எந்த மூன்றின் குட்டிகள் எடை நிற்கின்றன, எவற்றை விற்றுவிடலாம் என்று அந்த நோட்டே சொல்லும். பிறகு ஒரு நாள் யாராவது மரபணுச் சோதனை செய்து தருகிறேன் என்று வந்தால், சோதித்துப் பார்க்க உங்களிடம் எடை இருக்கும்.

முதல் குட்டிகள் பிறந்ததும் அவற்றின் எடையை எனக்கு எழுதுங்கள். இரட்டையாக இருந்தால் இரண்டையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள்.